இரண்டு விரல் இடைவெளி

இருதயமேரி மேடத்துக்கு நாளையிலிருந்து கையெழுத்து இல்லை.
வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராகக்
கண்காணிப்பாளர் ஸ்கேல் வைத்துச்
சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்.
கோடு நேராகத்தான் வந்தது.

சேலத்தில் எந்த ஆபீஸ் படி ஏறினாலும்
முதல் கேள்வி, "எதுக்கு?"
அடுத்தது, "யார் அனுப்புனா?"
எங்கள் மாடியில் மட்டும்
கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து
ஒரே கேள்வி:
"எந்த வருஷம்?"

நான் அங்கே அட்டெண்டர், பதினேழு வருஷமாக.
காகிதத்தைத் தூக்கித் தூக்கி அறிந்தவன்.
ஜனத்தொகைக் கணக்கு, கருங்கல்.
பழைய அரசிதழ், காய்ந்த அப்பளம்,
எடுக்கும்போதே ஓரம் உதிரும்.
மழையளவுப் புத்தகம் சித்திரையிலும் கொஞ்சம் நமுத்திருக்கும்.
சேர்வராயன் நிலப் பதிவேட்டுக்கு மட்டும் இரண்டு ஆள் வேண்டும்.
மலையையே மடித்து உள்ளே வைத்தால் பின்னே?

நாகலூரில் முதல் பஸ் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
ஸ்வெட்டரோடு வருவார்.
அஸ்தம்பட்டியில் அதைக் கழற்றி மடிப்பார்.
பூட்டைத் திறக்கும்போது மணி ஒன்பதே முக்கால்.
முப்பத்தோரு வருஷம்.

ஓர் ஆடி மாதம் கழிவு ஏலம்.
கிலோ ஒன்பது ரூபாய்.
செவ்வாய்ப்பேட்டைக்காரர் தராசோடு வந்துவிட்டார்.
மேடம் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து
எலுமிச்சை சாதத்தைத் திறந்தார்.
சாப்பிட்டுக்கொண்டே பட்டியலை வாசித்தார்,
இது நிரந்தரம், இதுவும் நிரந்தரம்,
இது விற்றால் நீங்களும் நானும் பதில் சொல்லணும்.
நாலு மணிக்கு அவர் தராசைத் தோளில் போட்டார்:
"முள்ளே அசையலம்மா."
போகும்போது ஒரு வாய் சாதம் வாங்கிக்கொண்டார்.

பிறகு பாவாயி வந்தாள்.
புருஷன் வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருந்தவன்,
இருமி இருமிச் செத்தவன்.
"எந்த வருஷம்?"
"வருஷம் தெரியாதுங்க.
பெரியவளுக்குப் பல்லு முளைச்ச வருஷம்."
நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை.
"பெரியவளுக்கு இப்ப எத்தனை வயசு?"
விரலில் எண்ணினார், பென்சிலால் எழுதினார்,
நான் ஏணியில் ஏறினேன்.
சுரங்க ஆய்வு அறிக்கை, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு,
அட்டவணை நான்கு: காற்றில் தூசி எவ்வளவு.
இங்கிலீஷில் இருந்ததை
அரிசி களைவது போல் நிதானமாகத்
தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.
அடிக்குறிப்பைக்கூட விடவில்லை.
அடிக்குறிப்பில்தான் இருந்தது.

பாவாயி நகலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.
வழக்கு என்னவாயிற்று என்று தெரியாது.
நாங்கள் கேட்பதில்லை.

நேற்று மாலை சால்வை, கேசரி, மிக்ஸர்.
பேச்சு வேண்டாம் என்றுவிட்டார்.
ஓய்வு ஆணையைக் கையில் கொடுத்ததும்
எண் பார்த்தார், தேதி பார்த்தார்,
முன்னெழுத்துப் பிழையை வட்டமிட்டார்.
"இந்த மாத வரிசையில் ஒண்ணு குறையுதுன்னு
காலையிலிருந்து தேடிக்கிட்டிருந்தேன்," என்றார்.
ஒரு நகலை எடுத்துக் கட்டில் சேர்த்தார்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இன்று தனியாகத் தூசி தட்டுகிறேன்.
மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு.
பதின்மூன்றாம் தொகுதிக்கும் பதினைந்துக்கும் நடுவில்
இரண்டு விரல் இடைவெளி.
அதில் ஒரு மரக்கட்டை,
கட்டையில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு:
"தொகுதி 14. இரவல் போனது 1994.
வரும். இடத்தை மூட வேண்டாம்."

புத்தகங்களைத் துடைத்தேன்.
கட்டையை எடுத்து
அந்த இடத்தையும் துடைத்து
மறுபடி வைத்தேன்.